உயிருக்குள் உயிர் – 9: இரவில் வரும் புழு

ஒட்டுண்ணியியல் முதுநிலைப் படிப்பில் எங்கள் முதல் களப்பணி இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கியது. 1990களின் முற்பகுதி. புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். நாங்கள் நான்கு பேர், ஆய்வக உதவியாளர் ஒருவர், வழிகாட்ட ஊர் தெரிந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர். கையில் டார்ச் லைட், ஸ்லைடு பெட்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, ஊசிகள். சாப்பிட்டுப் படுத்துவிட்ட வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்ட வேண்டும்.

"பகல்ல வந்தா ஆகாதா கண்ணு? தூங்குற புள்ளைய எழுப்பி விரலைக் குத்தணுமா?" என்றார் திண்ணையில் படுத்திருந்த ஆயா.

"பகல்ல எடுத்தா புழு தெரியாது ஆயா. ராத்திரிதான் மேல் ரத்தத்துக்கு வரும்."

"புழுவுக்கு ராப்பகல் தெரியுமா?"

இரண்டு ஆண்டுப் படிப்பில் எந்தத் தேர்விலும் இவ்வளவு நல்ல கேள்வியை நான் சந்திக்கவில்லை.

யானைக்கால் நோயை நம்மூரில் உண்டாக்கும் புழுவின் பெயர் உச்சரீரியா பான்கிராஃப்டி. வளர்ந்த பெண்புழு வெள்ளை நூல் போல எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நிணநீர்க் குழாய்களுக்குள் ஆணும் பெண்ணும் பின்னிக்கிடந்து ஆண்டுக்கணக்கில் வாழும். லட்சக்கணக்கில் நுண்புழுக்களை ஈனும். பகலெல்லாம் அந்தக் குஞ்சுகள் நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கிக்கிடக்கும். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தில் நிறைந்துவிடும். நம்மூரில் இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். பசிபிக் தீவுகள் சிலவற்றில் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு இதைப் பரப்புகிறது. அங்கே நுண்புழுக்கள் பகலிலும் ரத்தத்தில் கிடைக்கின்றன.

இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் துருவியவர் ஃபிராங்க் ஹாக்கிங். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை. நாம் விழித்திருக்கும்போதும் தூங்கும்போதும் நுரையீரலில் ஆக்சிஜன் அளவு மாறுகிறது. நுண்புழு அந்த மாற்றத்துக்கு இசைந்து நகர்கிறது என்று அவர் விளக்கினார். நோயாளியைப் பகலில் தூங்கவைத்து இரவில் விழிக்கவைத்தால் சில நாட்களில் புழுவின் நேரமும் தலைகீழாகிவிடும். ஆக ஆயாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்: "புழுவுக்கு ராப்பகல் தெரியாது ஆயா, உங்க தூக்கம் தெரியும்." அன்று அதைச் சொல்லும் அளவுக்கு நான் படித்திருக்கவில்லை.

விரல் நுனியில் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தை ஸ்லைடில் இட்டுத் தடிமனாகப் பரப்ப வேண்டும். இரவெல்லாம் உலரவிட வேண்டும். எறும்பும் கரப்பானும் வந்து தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் தண்ணீரில் நனைத்தால் சிவப்பு கழன்றுவிடும். பிறகு ஜே.எஸ்.பி. சாயம். 1940களில் ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற நம் நாட்டு மலேரியா ஆய்வாளர்கள் உருவாக்கிய சாயம் அது. அவர்கள் பெயரின் முதலெழுத்துகள்தாம் அதன் பெயர்.

அந்த ஊரில் நாங்கள் எடுத்தவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகளை நான் பார்த்து முடித்திருந்தேன். கண் எரிந்தது. பஞ்சு இழையைப் புழு என்று இரண்டு முறை கூப்பிட்டுக் காட்டியிருந்தேன். அடுத்த ஸ்லைடின் ஓரத்தில் ஒன்று. மில்லிமீட்டரில் கால் பங்குக்குச் சற்று மேல் நீளம். கோலத்துக்கு இழுத்த கம்பி போல அலுங்காத வளைவு. உடல் நெடுகக் கம்பு மணிகளைக் கோத்தது போல நீலக் கருக்கள். அதைச் சுற்றி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய உறை. "வாலைப் பார்" என்றார் ஆசிரியர். வால் நுனியில் கரு இல்லை, அப்படியென்றால் உச்சரீரியா. நுனியில் தனித்தனியாக இரண்டு கருக்கள் இருந்தால் அது புருகியா மலாயி, வேறு புழு.

இந்த இரண்டு புள்ளிகளைத் தேர்வுக்கான மனப்பாடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கேரளத்தின் சேர்த்தலையில் கண்டது புருகியா. அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழுக்கள் ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதிலிருந்து மூச்சு விடுகின்றன. எனவே அங்கே செய்ய வேண்டிய வேலை குளத்தில் செடியை அகற்றுவது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 1980களில் சேர்த்தலை மக்களோடு சேர்ந்து அதைத்தான் செய்தது. குளத்தில் மீன் வளர்க்கச் சொல்லி, செடியை அகற்றுவதில் மக்களுக்கே லாபம் இருக்கும்படி செய்தது. நம்மூர்க் கியூலெக்ஸுக்கோ சாக்கடையும் செப்டிக் டேங்கும். வால் நுனியைத் தவறாகப் படித்தால், சாக்கடையைத் தூர்வார வேண்டிய ஊரில் குளத்தில் இறங்கிக்கொண்டிருப்போம்.

கொசுவை அறுப்பது அடுத்த பாடம். உப்புக் கரைசல் துளியில் கொசுவை வைத்து, இரண்டு ஊசிகளால் தலை, மார்பு, வயிறு என்று பிரிக்க வேண்டும். இதைச் செய்யும்போதெல்லாம் எனக்கு பாட்ரிக் மேன்சன் நினைவு வரும். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில், ஹின்லோ என்ற தன் தோட்டக்காரரின் ரத்தத்தைக் குடித்த கொசுக்களை இப்படித்தான் அவர் பிரித்துப் பார்த்தார். நுண்புழு உறையைக் கழற்றிவிட்டு மார்புத் தசைக்குள் போய் வளர்வதைக் கண்டார். மனித நோய்க்கிருமி ஒன்று பூச்சிக்குள் வளர்வதை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. ஆனால் கொசு ஒருமுறைதான் ரத்தம் குடிக்கும், முட்டையிட்டதும் தண்ணீரிலேயே செத்துவிடும், அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று நம்பிவிட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து தாமஸ் பான்கிராஃப்ட் அனுப்பிய கொசுக்களை 1900இல் லண்டனில் ஜார்ஜ் லோ மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தபோதுதான், புழு கொசுவின் உறிஞ்சுகுழலில் காத்திருப்பது தெரிந்தது.

அங்கிருந்தும் புழு ஊசி மருந்து போல உள்ளே ஏறுவதில்லை. தோலின்மேல் இறங்கி, கொசு குத்திய துளையைத் தானே தேடி நுழைகிறது. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பல்கிப் பெருகும், இது பெருகாது. உள்ளே போன ஒரு நுண்புழு, பிழைத்தால் ஒரே ஒரு புழுவாக வெளியே வரும். அதனால்தான் ஒருவர் உடலில் நோய் வேரூன்றப் பல மாதங்கள், பல ஆண்டுகள் கடிபட வேண்டியிருக்கிறது. இந்த நோயை ஒழிக்க முடியும் என்ற நம்பிக்கை பிறந்ததற்கு இந்தப் பலவீனமும் ஒரு காரணம். இந்தியாவில் 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை மாத்திரை கொடுக்கப்படுகிறது. மாத்திரை நுண்புழுக்களைக் கொல்லும். தாய்ப்புழுக்கள் பல தப்பிவிடும். அவை வாழ்ந்து முடியும்வரை ஆண்டுதோறும் விழுங்க வேண்டும். இலங்கை இந்த வேலையை முடித்து 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றையும் பெற்றுவிட்டது.

இன்று நான் பாடம் நடத்தும் மாணவர்கள் பி.சி.ஆர். கருவியில் என்னைவிடத் தேர்ந்தவர்கள். புழுவுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவின் மரபணுவை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் புதிதாக எடுத்த ஸ்லைடில் நுண்புழுவைக் கண்டவர்கள் அவர்களில் குறைவு. நோய் குறைந்துவிட்டது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். கவலை வேறு. நூறு பேரில் பத்து பேருக்குப் புழு இருந்த காலத்தில் பழகாத கண்ணும் கண்டுபிடித்துவிடும். ஆயிரத்தில் ஒருவரிடம் மிஞ்சியிருக்கும்போது, தொள்ளாயிரம் வெற்று ஸ்லைடுகளுக்குப் பிறகும் அயராத கண் வேண்டும். அந்தக் கண் உள்ள ஆய்வக உதவியாளர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இரவு ரத்த ஆய்வுக்குப் போகாத ஒருவருக்கு ஒட்டுண்ணியியல் பட்டத்தைக் கொடுக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

அன்று திண்ணையிலிருந்து எழுந்த ஆயா சேலையைச் சற்று விலக்கி இடது காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே தோல் தடித்து மடிப்பு மடிப்பாக இருந்தது. "ஏதாச்சும் மாத்திரை தின்னா கால் வடியுமா?" வடியாது. எங்கள் பாடத்திட்டம் அந்த இடத்தில் நின்றுவிட்டிருந்தது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெரூசா டிரேயர் என்ற மருத்துவர் செய்த பணியைப் பின்னாளில் படித்தேன். புழு நிணநீர்க் குழாயைக் கெடுத்துவிட்ட பிறகு, காலை மேலும் மேலும் வீங்கவைப்பது விரலிடுக்குப் புண்கள் வழியாக நுழையும் பாக்டீரியா. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி ஈரமில்லாமல் துடைத்தால் அதனால் வரும் காய்ச்சலும் வலியும் பெருமளவு நிற்கும்.

இப்போது என் மாணவர்களின் களப்பையில் ஸ்லைடு பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பேசினும் சோப்பும் பருத்தித் துணியும் இருக்கும். போன மாதம் ஒரு மாணவி தரையில் உட்கார்ந்து, வயதான அம்மா ஒருவரின் காலைக் கழுவினாள். மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து நுரையை அலசினாள். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே துணியை நுழைத்து ஈரத்தை ஒற்றியெடுத்தாள்.

"அங்கதான் கண்ணு எரியும்" என்றார் அந்த அம்மா.

(தொடரும்)