கேள்வி கேட்கும் திருநாள்

மறைக்கல்வி வகுப்பில் 'பாஸ்கா' என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். எகிப்தில் அடிமைகளாய்த் துன்புற்ற இஸ்ராயேல் மக்களை இறைவன் மோசே வழியாக மீட்டதன் நினைவே அவ்விழா என்பதும், நம் ஆண்டவர் தம் சீடரோடு இறுதி இராவுணவு அருந்தியது பாஸ்கா காலத்திலேயே என்பதும் நாம் அறிந்தவையே. ஆனால் யூத மக்கள் இன்றும் அவ்விழாவைத் தம் இல்லங்களில் எவ்வாறு கொண்டாடுகின்றனர், அதில் சிறு குழந்தைகளுக்கு என்ன பங்கு என்பதை அறிந்தவர் நம்மிடையே சிலரே. அதனை இங்குக் காண்போம்.

யூதர் நாட்காட்டியில் நீசான் மாதம் 15-ஆம் நாள், அதாவது நமது மார்ச் அல்லது ஏப்ரலில், பாஸ்கா தொடங்குகிறது. இஸ்ரயேல் நாட்டில் 7 நாட்களும், பிற நாடுகளில் பழைய மரபைப் பின்பற்றுவோரிடையே 8 நாட்களும் அது நீடிக்கும். முதல் நாள் இரவு நடைபெறும் விருந்துக்குச் 'செதேர்' என்று பெயர். எபிரேய மொழியில் இதற்கு 'ஒழுங்கு' என்பது பொருள். இது நடைபெறும் இடம் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நடத்துபவர் குடும்பத் தலைவர்.

விழாவுக்கு முன்

நாம் பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் வீட்டை வெள்ளையடித்துத் துப்புரவு செய்வது போல, அவர்களும் மூலை முடுக்கெல்லாம் துடைக்கின்றனர். புளித்த மாவினாலான பண்டம் ஒரு துணுக்குகூட வீட்டில் இருத்தலாகாது. முந்தின இரவு, விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தியோடு வீடு முழுவதும் தேடுகின்றனர். பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்று பெற்றோரே பத்து ரொட்டித் துண்டுகளை அங்கங்கே வைத்திருப்பர். கிடைத்த துணுக்குகளை ஒரு இறகால் மரக்கரண்டியில் கூட்டியெடுத்து, மறுநாள் காலையில் எரித்துவிடுகின்றனர். குழந்தைக்கு இது விளையாட்டு. ஆயினும் விழா வருகிறது என்பதை அதன் கையும் காலும் கற்றுக்கொள்கின்றன.

மேசையின் மேல்

எகிப்தை விட்டு அவசரமாய்ப் புறப்பட்டவர்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. அதன் நினைவாக உண்பது 'மத்சா' என்னும் புளிப்பற்ற அப்பம். மாவில் நீர் சேர்த்தது முதல் 18 நிமிடங்களுக்குள் அதைச் சுட்டு முடிக்க வேண்டும் என்பது விதி. அடிமை வாழ்வின் கசப்பைக் காட்டக் கசப்புக் கீரை, கண்ணீரைக் காட்ட உப்பு நீர், செங்கல் வேலையின் சாந்தைக் காட்டப் பழமும் பருப்பும் அரைத்த இனிப்புக் கலவை ஆகியவையும் மேசையில் இருக்கும். பாஸ்கா ஆட்டுக்குட்டியின் நினைவாக ஓர் எலும்பும் தட்டில் இடம் பெறும். இவ்வாறு ஒரு வரலாறு முழுவதையும் குழந்தை நாவினால் சுவைத்து அறிகிறது.

சிறியவர் கேட்க, பெரியவர் சொல்ல

விருந்தின் இதயம் இனிமேல்தான் வருகிறது. அங்கிருப்போரில் மிகச் சிறிய குழந்தை எழுந்து, மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறுபட்டது என்று இராகத்தோடு கேட்கிறது. ஏன் புளிப்பற்ற அப்பம், ஏன் கசப்புக் கீரை, ஏன் இருமுறை தோய்த்து உண்கிறோம், ஏன் சாய்ந்து அமர்ந்திருக்கிறோம் என்பவையே அதன் வினாக்கள். இவற்றுக்கு விடையாகவே விடுதலையின் கதை முழுவதும் சொல்லப்படுகிறது. வீட்டில் குழந்தை இல்லையெனில் பெரியவர் ஒருவர் கேட்க வேண்டும். தனித்திருப்பவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வினா இன்றிக் கதை தொடங்குவதில்லை.

கதையோ நீளமானது, குழந்தைகளுக்கோ உறக்கம் வரும். சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரபி அக்கிபா என்னும் ஆசான், பிள்ளைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்கும் பொருட்டு, வறுத்த தானியமும் கொட்டைப் பருப்பும் அவர்களுக்குப் பங்கிட்டாராம். மத்சாவில் ஒரு பாதியை ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடச் செய்யும் வழக்கமும் உண்டு. அது கிடைத்து எல்லாரும் உண்டால்தான் விருந்து நிறைவுறும். ஆகவே கண்டெடுத்த பிள்ளைக்குப் பரிசு உறுதி! எலியா இறைவாக்கினரை வரவேற்க வாசற்கதவைத் திறந்து வைக்கும் பணியும் பெரும்பாலும் பிள்ளைகளுக்கே கிடைக்கிறது.

எகிப்தியர் அடைந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சை இரசத்தைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுத்து விடுகின்றனர். பகைவரும் துன்புற்றனர், ஆகவே நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருத்தல் தகாது என்று பெரியோர் இதற்கு விளக்கம் தருகின்றனர். பிஞ்சு உள்ளத்தில் இரக்கத்தை விதைக்க இதினும் எளிய வழி ஏது?

துன்பத்திலும் அணையாத விளக்கு

இவ்விழா எப்போதும் அமைதியாய் நடந்ததன்று. முற்காலத்தில் கிறிஸ்தவ நாடுகளிலேயே இதைப் பற்றிக் கொடிய பொய்கள் பரவி, யூதர் பலர் உயிரிழந்தனர். 1943 ஏப்ரல் 19 அன்று, பாஸ்காவுக்கு முந்திய நாளில், நாசிப் படையினர் வார்சா நகரின் யூதக் குடியிருப்பில் புகுந்தனர். வெளியே துப்பாக்கி முழங்க, அவ்விரவும் பதுங்குமிடங்களில் சிலர் செதேர் நடத்தினர். யூதர்மேல் காட்டப்படும் பகைமையைக் கண்டித்து, அவர்களை மதிப்போடு அறிந்துகொள்ளுமாறு 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மைப் பணித்தது. இவ்விருந்து அவர்களுடைய உடைமை. நாம் அதை நடித்துப் பார்க்க வேண்டியதில்லை. மதித்துக் கற்றல் போதும்.

நமக்கு ஒரு பாடம்

செதேர் நூல் நான்கு விதப் பிள்ளைகளைக் குறிப்பிடுகிறது: அறிவுள்ள பிள்ளை, எதிர்த்துப் பேசும் பிள்ளை, வெள்ளை உள்ளப் பிள்ளை, கேட்கவே தெரியாத பிள்ளை. நால்வருக்கும் மேசையில் இடமுண்டு. அவரவர்க்கு ஏற்ற விடையும் உண்டு. கேட்கத் தெரியாத பிள்ளைக்குப் பெற்றோரே பேச்சைத் தொடங்க வேண்டும்.

"சும்மா இரு, பெரியவர்களைக் கேள்வி கேட்காதே" என்று நம் வீடுகளில் எத்தனை முறை சொல்கிறோம்! சாம்பல் புதனன்று நெற்றியில் ஏன் சாம்பல், பாஸ்கா திருவிழிப்பில் ஏன் புதுத் தீ என்று பிள்ளை கேட்டால், அது குறும்பன்று, விசுவாசத்தின் முதற்படி. தாய்மாரே, தந்தையரே, அன்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து விடை சொல்லுங்கள். மாணவியரே, தயங்காது கேளுங்கள்; கேட்கத் தெரியாத தம்பி தங்கையருக்கு நீங்களே கதையைத் தொடங்குங்கள்.