சாத்திர நூல்களை வாசித்தல்: சிவஞான சித்தியாரை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

பழைய சமய நூல்களைப் பொறுத்தவரை நம்மிடையே இருவகை மனப்பான்மைகள் நிலவிவந்துள்ளன. பத்தியுடையோர் அவற்றை மனனஞ் செய்வர். முற்போக்காளர் அவற்றைத் தீண்டார். இரு சாராரும் நூலை வாசிப்பதில்லை என்பதே உண்மை. வெள்ளவத்தையில் நண்பர் சிலர் கூடி அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியாரை வாசிக்கத் தொடங்கியபோது, நாமும் இவ்விரண்டாம் வகையினைச் சார்ந்தவராகவே இருந்தோம்.

முதல் இடர்ப்பாடு சொல்லிலேயே தோன்றிற்று. பதினமூன்றாம் நூற்றாண்டில் எழுந்த இந்நூலின் அருஞ்சொற்களை அகராதி தீர்த்துவைக்கும். நமக்குத் தெரிந்த சொற்கள்தாம் நம்மை ஏமாற்றின. ‘அறுவை’ என்ற சொல்லைக் கண்டதும் வைத்தியசாலை நினைவுக்கு வந்தது. பழந்தமிழில் அது துணி. ‘அசத்து’ என்பதை இல்லாத பொருள், பொய் என்று கொண்டு, சைவசித்தாந்தமும் உலகை மாயத் தோற்றமென ஒதுக்குகின்றதென ஓர் அமர்வு முழுவதும் வாதிட்டோம். சித்தாந்திக்கு அசத்து என்பது நிலைபேறின்றி மாறுவது, இல்லாதது அன்று. உலகம் உள்பொருள் என்பதே அவனுடைய நிலைப்பாடு. மாயாவாதியோடு அவன் மல்லுக்கு நிற்பதும் இதன் பொருட்டே. நமது கண்டனம் சங்கரருக்குப் பொருந்துமேயன்றி அருணந்திக்குப் பொருந்தாது. எதிர்ப்பதற்கேனும் முதலில் பதம் பிரித்துப் படித்திருத்தல் வேண்டும்!

இரண்டாவது இடர்ப்பாடு உரை பற்றியது. சுபக்கத்துக்கு அறுவர் உரை உண்டு. அவருள் ஞானப்பிரகாசர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியினர். அவருடைய கொள்கையைச் சிவசமவாதம் எனக் கூறிச் சிவஞான முனிவர் (மறைவு 1785) தனி நூலெழுதி மறுத்தார். இன்று பெரும்பாலோர் அறிந்த சித்தியார், சிவஞான முனிவரின் கண்வழிக் கண்ட சித்தியாரேயாகும். உரைகள் தம்முள் முரணும் இடங்களையே நாம் கூடுதலாக நின்று வாசிக்கத் தலைப்பட்டோம். நூல் எவருக்கும் எளிதில் வசப்படாத இடங்கள் அவையே.

எமது அமர்வுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து முதியவர் ஒருவர் வருவதுண்டு. துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், பிறந்தது வடக்கில். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை நாம் விளக்கிக்கொண்டிருக்கையில், பாசம் என்றால் கயிறு என்றதும் அவர் இடைமறித்தார்: “கயிறு எண்டால் கட்டினவன் ஒருத்தன் இருக்கவேணுமே, தம்பி?”

நூலின் மையமான சிக்கலை அவ்வினா தொட்டுவிட்டது. இறைவன் கட்டினான் எனின் அவன் கொடியவனாவான். உயிர் தானே கட்டிக்கொண்டது எனின் அதற்கொரு காரணங் காட்டவேண்டும். ஆகவே சித்தாந்தம், செம்பிற் களிம்புபோலவும் நெல்லில் உமிபோலவும் ஆணவம் அனாதியே உள்ளது என்கிறது. தருக்க முறையில் இது செப்பமான விடை. எனினும், கட்டியவரில்லாத கட்டு என்னும் கருத்து எத்தகைய சமுதாயத்தில் இயல்பானதாகத் தோன்றியிருக்கும் என்பதும் கேட்கத்தக்க வினாவே.

இவ்வினாவைத் தமிழில் அழுத்தமாக எழுப்பியவர் க. கைலாசபதி. ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ (1966) என்ற நூலிலுள்ள ‘பேரரசும் பெருந்தத்துவமும்’ கட்டுரையில், சோழப் பேரரசின் அமைப்பையும் சித்தாந்தத்தின் அமைப்பையும் அவர் தொடர்புறுத்திக் காண்பார். நமது பார்வைக்கு வழிவகுத்த கட்டுரை அது. ஆயினும் பேரரசு உச்சத்திலிருந்தது பதினோராம் நூற்றாண்டில். மெய்கண்டாரும் அருணந்தியும் எழுதியது அது தளர்ந்து, 1279இல் முடிவெய்திய நூற்றாண்டில். இக்கால இடைவெளி மேலும் விளக்கம் வேண்டிநிற்கின்றது. சமூகப் பின்னணியைக் கூறிவிட்டால் செய்யுளை வாசிக்க வேண்டியதில்லை என்று நம்மவர் சிலர் கருதுவது, மனனஞ் செய்வதைப் போன்றதொரு சோம்பலே.

செய்யுளுக்குள் சென்றால் உழைப்பின் உலகம் விரிகின்றது. காரணம் மூவகை என்பதை நிறுவ மண்ணும் திரிகையும் குயவனும் வருகின்றனர். உடலும் கரணங்களும் மலமாயின், மலத்தை மலத்தாற் கழுவுவது எங்ஙனம் என்ற வினாவுக்கு, அழுக்குத் துணியைச் சாணியும் உவர்மண்ணும் இட்டு வெளுக்கும் தொழிலே விடையாகிறது. யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட ஐந்து சாதியாருள் வண்ணாரும் அடங்குவர். கோயில்களில் ஒருவர் புராணம் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் மரபு அங்கு நெடுங்காலம் நிலவியது. தத்துவத்துக்கு உவமை தந்த தொழிலாளி, அப்பயன் கேட்க உள்ளே செல்ல முடியாதவனாயிருந்தான். மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். அன்று வாயிலில் நின்றவர்களுள் தாமும் ஒருவர் என்பதை முதியவர் எமக்குச் சொன்னது, இச்செய்யுளை வாசித்த மாலையிலேதான்.

பரபக்கத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சிவஞான முனிவரின் பொழிப்புரை சுபக்கத்துக்கே உள்ளது. பாடஞ் சொல்வோரும் பரபக்கத்தைப் பெரும்பாலும் கடந்துவிடுவர். நமக்கோ அது புதையல். பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கும் அப்பகுதி உலகாயதத்திலேயே தொடங்குகின்றது. மறுப்பதற்கு முன் எதிராளியின் கூற்றை நிறுத்திக் காட்டுதல் மரபாதலால், தம் நூல்களை இழந்துவிட்ட பொருள்முதல்வாதிகள் பகைவரின் ஏட்டில் வாழ்கின்றனர். தேவிபிரசாத் சட்டோபாத்தியாயர் 1959இல் வெளியிட்ட ‘லோகாயதம்’ என்ற ஆய்வும் இத்தகைய சான்றுகளையே பெரிதும் நம்பியது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பூதவாதியும் இவ்வினத்தவனே. தாதகிப் பூவும் கட்டியும் பிறவும் கூடக் களிப்புப் பிறத்தல்போல, பூதங்கள் கூட உணர்வு பிறக்கும் என்பது அவன் வாதம். கட்டி என்றது வெல்லத்தை. நாம் முதலில் மண்கட்டி என்றே எண்ணினோம். காட்சியன்றி வேறு அளவை கொள்ளாதவன் தன் தாய் தந்தையரை எவ்வாறு அறிந்தான் என மணிமேகலை அவனை மடக்குவாள். அவ்விடத்தில் வெற்றி மணிமேகலைக்கே என்பதை, சிறிது தயக்கத்துடன், நாமும் ஒப்புக்கொண்டோம். முதியவர் ஒப்பவில்லை. அவள் கேள்விக்கு உலகாயதன் கூறக்கூடிய மறுமொழி பரபக்கத்தில் உண்டோவெனத் தேடும்படி கூறிச் சென்றார்; இப்போது அதனைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.