யாரும் பேசாமலே ஓடும் லைன்: டயல்-அப் ரவுட்டர் லேபில் பழுது பார்ப்பது எப்படி?

நம் பகுதிப் பிள்ளைகள் பலர் இப்போது கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கிறார்கள். லேப் பயிற்சியில் அவர்களை அதிகம் திணறடிக்கும் பாடங்களில் ஒன்று, டயல்-அப் இணைப்பின் மீது ரவுட்டிங் புரோட்டோகால் ஓட்டுவது. படிக்கிற பிள்ளைக்கும், பீஸ் கட்டுகிற வாப்பாவுக்கும் சேர்த்தே விளங்கும்படி அதை இங்கே எழுதுகிறோம்.

ஒரு கடைக்கு இரண்டு ஊர்களில் கிளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிளைகளின் கம்ப்யூட்டர்களையும் இணைப்பது ரவுட்டர். எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல் ஒவ்வொரு ரவுட்டரிடமும் இருக்கும். அந்த விவரத்தை ரவுட்டர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் முறையே ரவுட்டிங் புரோட்டோகால். ரிப் என்ற புரோட்டோகால் 30 நொடிக்கு ஒருமுறை தன் முழுப் பட்டியலையும் அனுப்பும். ஓஎஸ்பிஎஃப் இத்தகைய இணைப்பில் 10 நொடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும்.

எந்நேரமும் திறந்திருக்கும் லீஸ்டு லைனில் இதனால் தொந்தரவு இல்லை. டயல்-அப் அப்படியல்ல. தேவைப்படும்போது மட்டும் டயல் செய்து, வேலை முடிந்ததும் துண்டிக்க வேண்டிய இணைப்பு அது. பேசும் நேரத்துக்குக் காசு. சிஸ்கோ ரவுட்டரில் நாம் எதையும் மாற்றாவிட்டால், முக்கியமான போக்குவரத்து 120 நொடிகள் இல்லாதபோது லைன் தானாகத் துண்டிக்கப்படும். ஆனால் 30 நொடிக்கு ஒருமுறை ரிப் பேசிக்கொண்டே இருந்தால் அந்த 120 நொடி அமைதி எங்கிருந்து வரும்? ஒரு நாளின் 1440 நிமிடங்களும் லைன் ஓடும். லேபில் பில் வராது. அதனால் பிள்ளைகள் இதைப் பொருட்படுத்துவதில்லை. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பில் வரும், கேள்வியும் வரும்.

லேபில் பெரும்பாலும் சிஸ்கோ 2503 போன்ற இரண்டு ரவுட்டர்களும், நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடந்துகொள்ளும் ஐஎஸ்டிஎன் சிமுலேட்டரும் இருக்கும். பழுது என்றதும் ரவுட்டிங்கில் கை வைக்கக் கூடாது. முதலில் லைன். "ஷோ ஐஎஸ்டிஎன் ஸ்டேட்டஸ்" கொடுத்து முதல் அடுக்கும் இரண்டாம் அடுக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அழைப்பு இணைந்த சில நொடிகளிலேயே அறுந்துவிட்டால் சந்தேகம் சாப் பாஸ்வேர்டு மீது. எதிர் ரவுட்டரின் பெயர்தான் இங்கே யூசர்நேம். பாஸ்வேர்டு இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட.

லைன் துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா? "ஷோ டயலர்" கொடுங்கள். பிள்ளைகள் அவசரத்தில் தாண்டிவிடும் ஒரு வரி அதில் இருக்கிறது: டயல் செய்த காரணம். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போன செய்தி லைனை எழுப்பியது என்று ரவுட்டரே சொல்லிவிடுகிறது. போய்ச்சேரும் முகவரி 224.0.0.9 என்றால் ரிப் இரண்டாம் பதிப்பு. 224.0.0.5 என்றால் ஓஎஸ்பிஎஃப். 255.255.255.255 என்றால் பெரும்பாலும் ரிப் முதல் பதிப்பு. பாதி வேலை இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும்.

ஆளைக் கண்டுபிடித்த பின், டயலர் லிஸ்ட்டில் ரிப்பை முக்கியமற்றது என்று ஒதுக்குவார்கள். ரிப் பயன்படுத்துவது யூடிபி 520-ஆம் போர்ட். அதைத் தடுத்து ஒரு வரி எழுதுவார்கள். மற்ற எல்லாவற்றையும் அனுமதிக்கும் அடுத்த வரியை எழுத மறந்தால், எதற்குமே லைன் எழாது.

இரண்டு வரியும் சரியாக எழுதினாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. இப்போது லைன் ஒழுங்காகத் துண்டிக்கப்படுகிறது. எதிர்ப் பக்கத்திலிருந்து பட்டியல் வருவதும் நின்றுவிடுகிறது. 180 நொடியில் ரிப் அந்த வழியைச் செல்லாது என்று குறித்து, 240 நொடியில் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும். அதன் பிறகு கிளைக்கு ஒரு பில் அனுப்ப நினைத்தால், போகும் வழி ரவுட்டருக்குத் தெரியாது. வழி தெரியாததால் டயல் செய்யாது. டயல் செய்யாததால் வழி தெரியவும் வராது. காலையில் ஓடியது மதியம் ஓடவில்லை என்று பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். தீர்வு, கையால் எழுதிய ஒரு நிலையான வழியை மதிப்பு 200 கொடுத்து வைப்பது. ரிப்பின் மதிப்பு 120. குறைந்த எண்ணுக்கே முன்னுரிமை. ஆகவே ரிப் வழி இருக்கும்வரை இது ஒதுங்கி நிற்கும், அது மறைந்ததும் முன்னே வரும்.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. லைன் இணைகிறது, எதிர் ரவுட்டருக்குப் பிங் போகிறது, ஆனால் "ஷோ ஐபி ரூட்" பார்த்தால் புதிய வழி ஒன்றுகூட வரவில்லை. டயலர் மேப் வரியில் "பிராட்காஸ்ட்" என்ற சொல் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ரிப், ஓஎஸ்பிஎஃப் இரண்டின் பொது அறிவிப்புகளும் அந்த லைனில் ஏறாது. அது இருந்தும் வரவில்லை என்றால், இரு பக்கமும் ரிப் பதிப்பு ஒன்றுதானா என்று "ஷோ ஐபி புரோட்டோகால்ஸ்" காட்டும்.

ஓஎஸ்பிஎஃப்-க்கு "டிமாண்ட் சர்க்யூட்" என்ற வசதி 1995 முதல் இருக்கிறது. ஹலோ செய்திகளை அடக்கிவிடும். வழிகளில் மாற்றம் வந்தால் மட்டுமே லைனை எழுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிபிபி இணைந்ததும் எதிர் முனையின் முகவரியை ரவுட்டர் தனி வழியாகச் சேர்த்துக்கொள்ளும். துண்டித்ததும் அது மறையும். நேரடியாக இணைந்த வழிகளை எல்லாம் ஓஎஸ்பிஎஃப்-க்குள் அறிவிக்கச் சொல்லியிருந்தால், இந்த மறைவே ஒரு மாற்றமாகிவிடும். மீண்டும் டயல், மீண்டும் துண்டிப்பு, மீண்டும் டயல். "நோ பியர் நெய்பர்-ரூட்" என்ற கட்டளை இதை நிறுத்தும்.

எங்கள் கருத்து: ஒரே ஒரு லைன் உள்ள சின்னக் கிளைக்கு ரவுட்டிங் புரோட்டோகாலே தேவையில்லை. கிளையில் ஒரு டீபால்ட் வழி, தலைமை அலுவலகத்தில் கிளையை நோக்கி ஒரு நிலையான வழி, டயல் செய்யும் போர்ட்டில் "பாஸிவ் இன்டர்பேஸ்". இன்டர்வியூவில் இதைச் சொன்னால் விஷயம் தெரியாத பையன் என்று நினைத்துவிடுவார்களோ எனப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். காரணத்தோடு சொல்லட்டும்: 30 நொடி, 120 நொடி, 1440 நிமிடம்.