வாசனை மெழுகுவர்த்தி: பரிசளிக்கும் முன் அடிவரை எரித்துப் பாருங்கள்

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் மட்டுமே இருந்த பரிசுப் பைகளில் இப்போது வாசனை மெழுகுவர்த்தியும் இடம்பிடித்துள்ளது. மல்லிகை, சந்தனம், பாண்டான் என நமக்குப் பழக்கமான மணங்களில் வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து உறவினர்களுக்குக் கொடுப்பவர்களும், சமூக ஊடகம் வழி விற்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

செய்முறை எளிமையாகத்தான் தெரிகிறது. மெழுகை உருக்கி, வாசனை எண்ணெய் கலந்து, திரி வைத்த கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்துவிடும். ஆனால், அழகான ஒட்டுவில்லை ஒட்டி நாம் இன்னொருவர் கையில் கொடுப்பது, அவர் வீட்டில் எரியப்போகும் தீ. அது எப்படி எரியும் என்பது கொடுப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் சோதனை.

எரிவது திரியா, மெழுகா?

மெழுகுவர்த்தியில் பெரும்பாலும் எரிவது திரியல்ல, மெழுகின் ஆவி. அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே, 1860-61ஆம் ஆண்டு குளிர்காலத்தில் லண்டன் ராயல் கழகத்தில் இளையர்களுக்கு நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகளில் இதைச் செய்து காட்டினார். அணைத்தவுடன் எழும் வெண்புகையருகே நெருப்பைக் கொண்டுபோனால், சுடர் அந்தப் புகை வழியே பாய்ந்து திரியில் மீண்டும் பற்றிக்கொள்ளும். அந்த வெண்புகைதான் மெழுகின் ஆவி.

சுடரின் சூட்டில் மெழுகு உருகுகிறது. திரி அதை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. நுனியில் அது ஆவியாகி எரிகிறது. திரி மெலிதாக இருந்தால் மெழுகு போதிய அளவு மேலே வராது. தடிமனாக இருந்தால் அளவுக்கு மீறி வந்து சுடர் பெருத்துப் புகை கக்கும். இதில் வாசனை எண்ணெயும் சேரும்போது கணக்கு மாறுகிறது. வெறும் மெழுகில் நன்றாக எரிந்த திரி, எண்ணெய் கலந்த மெழுகில் அணைந்துபோகலாம். மல்லிகை எண்ணெயில் சரியாக எரிந்த அதே திரி சந்தன எண்ணெயில் தடுமாறலாம்.

அகல் விளக்கில் இந்தச் சிக்கல் இல்லை. சுடர் சிறுத்தால் திரியைத் தூண்டிவிடுவோம். பெருத்தால் உள்ளே இழுப்போம். எண்ணெய் குறைந்தால் ஊற்றுவோம். குவளை மெழுகுவர்த்தியில் திரி அடியில் ஒட்டப்பட்டிருக்கும். வாங்கியவரால் நுனியை வெட்டவும் ஏற்றவும் அணைக்கவும் மட்டுமே முடியும். ஆக, தூண்டுகோல் செய்யும் வேலையை மெழுகுவர்த்தி செய்பவரே முன்கூட்டி முடித்துவைக்க வேண்டியிருக்கிறது.

மெழுகு: நம் வெயிலைத் தாங்குமா?

பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரபின், சோயா எண்ணெயிலிருந்து செய்யப்படும் சோயா மெழுகு, தேங்காய் எண்ணெய் சார்ந்த கலவைகள், தேன்மெழுகு, நம் நாட்டுக்கு மிக நெருக்கமான செம்பனை மெழுகு ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. செம்பனை மெழுகு கெட்டியானது. ஆறும்போது பனிப்பூப்போன்ற படிகக் கோலங்கள் விழும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில்தான் உருகும். ஆனால் அதன் சொந்த மணம் மற்ற வாசனைகளோடு போட்டியிடும்.

குவளைகளில் ஊற்றுவதற்கென விற்கப்படும் சோயா மெழுகு பெரும்பாலும் 45 முதல் 55 பாகைக்குள் உருகிவிடும். குளிர்நாட்டுச் செய்முறைக் காணொளிகளில் இது ஒரு பொருட்டாக இருப்பதில்லை. இங்கே நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் உட்புறமே 50 பாகையைத் தாண்டக்கூடும். எனவே, சோதனைக்குச் செய்த ஒரு குவளையை மூடியிட்டு, பொருள்களைக் கொண்டுசெல்லும் அதே காரில் மதிய நேரத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு இளகினாலோ எண்ணெய்த் துளிகள் வியர்த்திருந்தாலோ, வேறு மெழுகை நாட வேண்டும். அல்லது எண்ணெயைக் குறைக்க வேண்டும்.

சோயா மெழுகின்மேல் வெண்பூச்சு படர்வதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அது மெழுகு படிகமாவதால் வருவது, எரிவதைப் பாதிக்காது.

திரி: மூன்று அளவுகள்

பஞ்சைத் திரித்துச் செய்யும் விளக்குத் திரி எண்ணெய்க்கு ஏற்றது. குவளை மெழுகுவர்த்திக்குப் பின்னல் திரி வேண்டும். பிரான்சைச் சேர்ந்த கம்பசெரே 1825ல் அறிமுகப்படுத்திய பின்னல் திரி, எரியும்போது வளைந்து அதன் நுனி சுடரின் ஓரத்துக்கு வரும். அங்கே நுனி எரிந்து சாம்பலாகிவிடும். முறுக்கிய திரியில் கரிந்த நுனி சேர்ந்துகொண்டே போகும்.

குவளையின் உள்விட்டத்தை அளந்து, திரி விற்பவர் தரும் அட்டவணையில் பொருத்தமான எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாமல், அதற்கு ஒரு படி சிறியதும் ஒரு படி பெரியதும் சேர்த்து மூன்று அளவுகள் வாங்குங்கள். ஒரு வகைத் திரியின் எண் இன்னொரு வகைக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அகலமான குவளையில் ஒரே பெரிய திரிக்குப் பதில் இரண்டு சிறிய திரிகள் சீராக எரியும்.

வாசனை எண்ணெய்: அளவு மிஞ்சினால்

‘கூட ஊற்றினால் கூட மணக்கும்’ என்ற எண்ணம்தான் பல மெழுகுவர்த்திகளைக் கெடுக்கிறது. ஒவ்வொரு மெழுகும் ஓரளவு எண்ணெயைத்தான் பிடித்துவைக்கும். மிஞ்சியது அடியிலோ மேலேயோ பிரிந்து நிற்கும், திரியை அடைக்கும், சுடரைப் பெருக்கவும் செய்யும். மெழுகின் எடையில் 6 முதல் 10 விழுக்காடு என்பது வழக்கமான அளவு. மெழுகு விற்பவர் சொல்லும் உச்ச வரம்பை மீறக்கூடாது.

எதையும் தராசில் எடைபோட்டே அளக்க வேண்டும். 200 கிராம் மெழுகுக்கு 8 விழுக்காடு என்றால் 16 கிராம் எண்ணெய். மில்லிலிட்டரில் அளந்தால் எண்ணெய்க்கு எண்ணெய் எடை மாறும்.

மெழுகுவர்த்திக்கு உகந்தது என்று குறிப்பிட்டு விற்கப்படும் எண்ணெயையே வாங்குங்கள். இஃப்ரா எனப்படும் அனைத்துலக வாசனைப் பொருள் சங்கத்தின் வரம்புகளைக் காட்டும் சான்றிதழை விற்பவரிடம் கேட்கலாம். அதில் மெழுகுவர்த்திகள் 12ஆம் பிரிவில் வரும். பன்னீரில் தண்ணீரும், உடலில் தெளிக்கும் வாசனைத் திரவியத்தில் ஆல்கஹாலும் இருப்பதால் இரண்டும் மெழுகோடு சேராது. கற்பூரத்தைத் தூளாக்கிப் போடுவது ஆபத்து. நிறத்துக்குக் குழந்தைகளின் வண்ண மெழுகுக்குச்சியை உருக்கினால் அதிலுள்ள நிறத்துகள் திரியை அடைத்துவிடும்.

எண்ணெய்ப் புட்டியில் தீப்பற்று வெப்பநிலை என்று ஓர் எண் இருக்கும். அந்தச் சூட்டைத் தாண்டினால் மணம் போய்விடும் என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது, எண்ணெயின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றக்கூடிய வெப்பநிலை, பாதுகாப்புக்கான எண். எனவே, அடுப்பை அணைத்து, மெழுகை இறக்கிவைத்த பிறகு, மெழுகு விற்பவர் குறிப்பிடும் சூட்டில் எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள்.

எரித்துப் பார்க்கும் முறை

ஒரே மெழுகு, ஒரே எண்ணெய், ஒரே வகைக் குவளை. திரி மட்டும் மூன்று அளவு. இப்படி மூன்று குவளைகளை ஒரே நாளில் ஊற்றுங்கள். தேதி, மெழுகு, திரி எண், எண்ணெய் விழுக்காடு, ஊற்றிய வெப்பநிலை ஆகியவற்றைக் குவளையின் அடியில் எழுதி ஒட்டுங்கள். பிறகு மூடிவைத்துக் காத்திருங்கள். சோயா மெழுகில் மணம் நன்கு படிய ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பாரபினுக்குச் சில நாள் போதும்.

ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் குவளையை எடைபோட்டு, திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். நான்கு மணி நேரம் எரியவிடுங்கள். மணிக்கு ஒருமுறை உருகிய மெழுகு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், சுடர் எவ்வளவு உயரம், புகை உண்டா, கண்ணாடி எவ்வளவு சூடு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்து, முற்றாக ஆறியதும் மீண்டும் எடைபோடுங்கள். மணிக்கு எத்தனை கிராம் எரிகிறது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். அடியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மெழுகு எஞ்சும் வரை இதைத் தொடர வேண்டும்.

பலர் முதல்முறை எரித்துப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். சோதனையின் முக்கியக் கட்டம் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் இருக்கிறது. சுடர் குவளைக்குள் கீழே இறங்க இறங்க, சூடு வெளியேற வழியின்றிக் கண்ணாடியில் தங்கும். முதல் நாளே விளிம்புவரை அழகாக உருகவைத்த திரி, அடிக்கு வரும்போது அளவுக்கு மீறிய சூட்டைத் தரலாம். முதல் நாள் ஓரத்தில் சற்று மெழுகை விட்டுவைத்த திரியே பின்னர் அதையும் உருக்கி, அடிவரை பாதுகாப்பாக எரியலாம்.

நம் வீடுகளில் மின்விசிறி சுற்றாத நேரம் குறைவு. ஆகவே, காற்றில்லா அறையிலும், விசிறி ஓடும் அறையிலும் சோதியுங்கள். வாங்குபவர் எல்லாரும் நான்கு மணி நேரத்தில் அணைத்துவிடுவார்கள் என்று நம்பவும் முடியாது. ஒரு குவளையையாவது, திரியை வெட்டாமல், பக்கத்திலேயே இருந்து எட்டு மணி நேரம் எரித்துப் பார்ப்பது நல்லது.

மணத்தைச் சோதிக்க, செய்தவரின் மூக்கு போதாது. அது சிறிது நேரத்தில் பழகிவிடும். வெளியிலிருந்து அறைக்குள் நுழைபவரைக் கேளுங்கள்.

குறிகள் சொல்லும் சேதி

மூன்று, நான்கு மணி நேரத்தில் உருகிய மெழுகு விளிம்பை நெருங்கி, 6 முதல் 12 மில்லிமீட்டர் ஆழம் இருந்து, சுடரும் ஆடாமல் நின்றால் திரி பொருத்தமானது.

நடுவில் மட்டும் குழி விழுந்தால் திரி சிறியது. ஒரு படி ஏற்றுங்கள்.

சுடர் உயர்ந்து துடித்தாலோ, கண்ணாடியில் கரி படிந்தாலோ, திரியின் நுனியில் காளான்போல் கரி திரண்டாலோ திரி பெரியது, அல்லது எண்ணெய் அதிகம்.

சுடர் மெழுகில் மூழ்கி அணைந்தால் திரி சிறியது, அல்லது எண்ணெயால் அடைபட்டிருக்கிறது.

மணம் வரவில்லை என்றால் உடனே எண்ணெயைக் கூட்டாதீர்கள். காத்திருந்த நாள் போதுமா, மெழுகு போதிய அகலத்துக்கு உருகுகிறதா, அறை மிகப் பெரிதா என்று முதலில் பாருங்கள்.

கண்ணாடியைத் தொட முடியாத அளவு சூடு ஏறினால் அந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2417 தரநிலை, பெரும்பாலான மெழுகுவர்த்திகளின் சுடர் 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. சிறு குவளையில் சுடர் அந்த உயரத்தை நெருங்குவதே தவறான திரிக்கு அடையாளம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். திரியையும் எண்ணெயையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

அழகுக்காகச் சேர்ப்பவை

கண்ணாடி என்றால், சூட்டைத் தாங்கும் என்று விற்பவர் உறுதிசொல்லும் மெழுகுவர்த்திக் குவளையே வேண்டும். மெல்லிய குடிநீர்க் கோப்பை விரிசல் விடலாம். பூச்சில்லாத மண் அகலில் மெழுகு ஊற்றினால் மண் அதை உறிஞ்சும். வெளிப்புறம் கசிந்து மேசையில் கறைபடும். தேங்காய்ச் சிரட்டை அழகாக இருந்தாலும் அது எரியும் பொருள். மெழுகின்மேல் தூவும் காய்ந்த ரோஜா இதழ், பட்டை, ஏலக்காய் ஆகியவை திரியருகே நகர்ந்து தாமே தீப்பற்றலாம். சோதித்தது வெறும் குவளையை, விற்பது இதழ் தூவியதை என்றால், செய்த சோதனை செல்லாது.

தீப்பற்றினால்

மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, வெப்பமானியோடு உருக்குங்கள். எரியும் மெழுகில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீர் நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் மெழுகை நாலாபுறமும் தெறிக்கவிடும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் மூடுங்கள். கட்டுக்கு அடங்காவிட்டால் வெளியேறி 999ஐ அழையுங்கள். மிஞ்சிய மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கொடுக்கும் ஒவ்வொரு குவளையிலும் சில வரிகள் இருக்கட்டும்: ஆளில்லா அறையில் எரியவிடாதீர்கள், குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள், திரைச்சீலை, தோரணம், நெகிழி மலர்களிலிருந்து தள்ளி வையுங்கள், திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள், ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்துங்கள். இந்த வரிகள் சோதனைக்கு ஈடாகாது. சோதித்த பின்னும் தேவைப்படுபவை அவை.

எப்போது தொடங்குவது?

200 கிராம் சோயா மெழுகுக் குவளை மணிக்கு 5 கிராம் எரிந்தால், ஏறக்குறைய 40 மணி நேரம் தாங்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் பத்து நாள். ஊற்றிய பின் காத்திருக்கும் இரண்டு வாரத்தையும் சேர்த்தால், ஒரு சுற்றுச் சோதனைக்கே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். முதல் சுற்றில் எல்லாம் சரியாக அமைவது அரிது. இரண்டாம் சுற்று, அதன்பின் பரிசுக்குரியவற்றை ஊற்றிக் காத்திருக்கும் நாள்கள் என்று கணக்கிட்டால், தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

இந்த ஆண்டுக்கு அவகாசம் இல்லையென்றால், பலவித மணங்களை விட்டுவிட்டு, ஒரே மெழுகு, ஒரே குவளை, ஒரே மணம் என்று வைத்துக்கொண்டு, அதை மட்டும் அடிவரை எரித்துப் பாருங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், பரிசுப் பையில் இவ்வாண்டு முறுக்கே இருக்கட்டும்.