ஆகர்ஷணமும் வேகவளர்ச்சியும்: கொடைக்கானல் தந்த சாட்சியம்

1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பாழாக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மாண்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். சிவகங்கைச் சீமை அன்றும் இன்றும் வானம் பார்த்த பூமி. கண்மாய் வறண்டால் வயிறும் வறளும் என்பதை இங்குள்ளவர்களுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அப்பஞ்சத்துக்குப் பின்னர், சூரியனில் தோன்றும் கறைகளுக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என ஆராய வேண்டும் என்ற எண்ணம் பிரிட்டிஷ் சர்க்காருக்கு உண்டாயிற்று. கொடைக்கானல் மலையில் வான ஆராய்ச்சி நிலையம் எழுந்ததற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். மக்கள் பட்டினியால் மடியும்போதே தானியம் கப்பலேறிச் சென்றதைத் தடுக்க மனமில்லாதவர்கள், பஞ்சத்தின் காரணத்தைச் சூரியனில் தேடினார்கள் என்று கூறினால் அது மிகையாகாது.

நிற்க. 1901 முதல் வேலை செய்துவரும் அந்நிலையம் மழை ரகசியத்தை அவிழ்த்துவிடவில்லை. ஆனால் எவரும் எதிர்பாராத வேறொரு பெரிய விவகாரத்தில் அது சாட்சி சொல்ல நேர்ந்தது. ஆகர்ஷணம் என்பது என்ன என்பதே அவ்விவகாரம்.

கையிலிருந்து நழுவிய கல், சிவகங்கையில் விழுந்தால், விநாடிக்கு விநாடி அதன் வேகம் 9.78 மீட்டர், அதாவது ஏறக்குறைய 32 அடி, கூடிக்கொண்டே போகும். இதற்கு வேகவளர்ச்சி என்று பெயர். இரும்புக் குண்டும் மரக் கட்டையும், காற்றின் தடையை விலக்கிப் பார்த்தால், ஒரே விதமாகவே விழும். இது விந்தையல்லவா? கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுக்கிறது; அதே பொருள் அசைந்து கொடுக்கவும் அதிகமாக மறுக்கிறது. இழுப்பும் மறுப்பும் இம்மி பிசகாமல் சமமாக இருப்பானேன்? நியூட்டன் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், தண்ணீர், கோதுமை ஆகிய ஒன்பதையும் ஊசல்களில் வைத்து ஆட்டிப் பார்த்து, வித்தியாசம் காணவில்லை என்று 1687-ல் வெளியிட்ட நூலில் எழுதினார். சமம் என்று கண்டார். ஏன் சமம் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த ‘ஏன்’ என்ற கேள்வியை 1907-ல் ஐன்ஸ்டீன் பிடித்துக்கொண்டார். கூரையிலிருந்து விழுகிறவனுக்கு, விழும் நேரத்தில், தன் எடை தெரியாது என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. நேயர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தகரக் குவளை ஒன்றின் அடிப்பக்கத்தில் துளையிட்டு நீர் நிரப்புங்கள், நீர் ஒழுகும். அதை மாடியிலிருந்து நழுவ விடுங்கள். தரையைத் தொடும் வரை ஒழுக்கு நின்றுவிடும். குவளையும் நீரும் ஒன்றாக விழுவதால் ஒன்றையொன்று அழுத்துவதில்லை. இதைத் திருப்பிச் சொன்னால், ஆகர்ஷணமே இல்லாத வெளியில் ஒரு பெட்டியை விநாடிக்கு விநாடி 9.78 மீட்டர் வேகம் கூடும் வேகவளர்ச்சியுடன் மேலே இழுத்தால், உள்ளே நிற்பவன் தான் சிவகங்கைத் தெருவில் நிற்பதாகவே எண்ணுவான். மானாமதுரையில் ரயில் கிளம்பும்போது நம்மைப் பின்னே தள்ளுகிற அதே சங்கதிதான்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய கொத்தனார்களின் தூக்குக் குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிவகங்கையில் தொங்கும் குண்டும் காரைக்குடியில் தொங்கும் குண்டும் பூமியின் மையத்தையே நாடுகின்றன. ஆகையால் இரண்டு நூல்களும் இணையாக இல்லை. இடையிலுள்ள சுமார் 40 கிலோமீட்டருக்கு, ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கின்றன. பெட்டியை இழுத்து உண்டாக்கும் பொய் ஆகர்ஷணத்தில் இந்தச் சாய்வு வராது. சிறிய இடத்துக்குள் ஆகர்ஷணமும் வேகவளர்ச்சியும் ஒன்றே. பெரிய இடத்தில் அவை பிரிந்து தெரியும். அந்த மிச்சத்தைத்தான் ஐன்ஸ்டீன் 1915-ல் வெளியின் வளைவு என்றார். நியூட்டன் பொய்யாகிவிட்டார் என்று பேசுவது அறியாமை. சாதாரண வேகங்களிலும் சாதாரண ஆகர்ஷணத்திலும் நியூட்டன் கணக்கே இன்றும் போதும்.

இனி ஒளிக்கு வருவோம். மேல்நோக்கி விரையும் பெட்டியின் அடியிலிருந்து ஓர் ஒளிக்கதிர் கூரைக்குப் புறப்படுகிறது. அது போய்ச் சேருவதற்குள் கூரை வேகம் பெற்று விலகி ஓடுகிறது. விலகி ஓடுபவனுக்கு ஒளியின் நிறம் சற்றே சிவப்புப் பக்கம் நகர்ந்து தோன்றும். பெட்டியில் நடப்பது ஆகர்ஷணத்திலும் நடக்க வேண்டுமல்லவா? ஆகவே சூரியனை விட்டு ஏறிவரும் ஒளி, பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமாகச் சிவப்புப் பக்கம் நகரும் என்று கணக்குக் காட்டியது.

கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் என்பவர் 1911 முதல் 1923 வரை தலைவராக இருந்தார். சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகளை அளப்பதில் கைதேர்ந்தவர். சூரியக் கறைகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் அங்கேயே கண்டவர். ஐன்ஸ்டீன் சொன்ன நகர்வை அவர் தேடினார். முதலாம் உலக யுத்த காலத்தில் கிடைத்த அளவுகள் கணக்கோடு பொருந்தவில்லை. 1917-ல் அமெரிக்காவின் மௌண்ட் வில்ஸனில் செயின்ட் ஜானும் நகர்வைக் காணவில்லை என்றார். காரணம் பின்னரே துலங்கிற்று. சூரியனின் மேற்பரப்பில் வாயு கொதிக்கும் கஞ்சிபோல் ஏறி இறங்குகிறது. கணக்கிட்ட நகர்வோ, வாயு விநாடிக்கு 630 மீட்டர் வேகத்தில் விலகினால் உண்டாகும் நகர்வுக்குச் சமம். கொதிப்பின் வேகமும் அந்த அளவை எட்டுவதால் இரண்டும் கலந்து கண்ணைக் குழப்பின. வட்டத்தின் நடுவிலும் விளிம்பிலும் தனித்தனியே அளந்து அலசிய பிறகு, 1920-களின் முற்பகுதியில் எவர்ஷெட் ஐன்ஸ்டீன் பக்கம் வந்தார். செயின்ட் ஜானும் 1923-ல் ஒப்பினார். ஐன்ஸ்டீனின் கீர்த்தி 1919 கிரகணத்துக்குப் பின் உலகெங்கும் பரவியிருந்த காலத்திலும், அளவு பொருந்தாத வரை பொருந்தவில்லை என்றே சொன்ன அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும் அந்நிலையத்துக்கு இந்தியர் ஒருவர் தலைவராக 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏ. எல். நாராயண் அப்போது பொறுப்பேற்றார்.

சூரியக் கொதிப்பின் தொல்லையில்லாத நிரூபணம் 1960-ல் ஹார்வர்டில் கிடைத்தது. பௌண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரமுள்ள கோபுரத்திலேயே நகர்வை அளந்தனர். அங்கே அது பத்துக் கோடி கோடியில் இரண்டரைப் பங்குதான்!

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள் உயரத்தால் நாளொன்றுக்கு 45 மைக்ரோ விநாடி முந்துகின்றன. வேகத்தால் 7 பிந்துகின்றன. மிஞ்சும் 38-ஐத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வழி தவறும். சிவகங்கையில் ஒரு கடிகாரத்தையும், அதைவிட 2,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடைக்கானல் நிலையத்தில் அதற்கு இணையான மற்றொன்றையும் வைத்தால், மலையிலுள்ளது ஆண்டொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஏழு எட்டுப் பங்கு முந்திச் செல்லும்.