தக்ளி தரும் இன்பம்

நூற்பது கடமை என்று சொன்னவுடனே பலருக்குக் கை வலி கண்டுவிடுகிறது. 1924-ம் வருஷம் பெல்காம் காங்கிரஸில், அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்க வேண்டுமென்று விதி செய்தார்கள். மனமில்லாதவர்கள் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்று சலுகையும் அளித்தார்கள். சலுகை இருந்தால் கேட்கவேண்டுமா! மறு வருஷமே, நாலணாச் சந்தா கொடுத்தாலும் போதும் என்று விதி தளர்ந்தது.

விதியை மறந்துவிட்டு, விளையாட்டாக ஒரு தக்ளியைக் கையிலெடுத்துப் பாருங்கள். வலக் கை கதிரைச் சுழற்றுகிறது. இடக் கை பஞ்சைப் பிடித்து மெல்ல உயர்கிறது. முறுக்கு ஏறுமுன் இழுத்தால் இழை அறும். தாமதித்தால் தடித்துத் திரண்டுவிடும். இரண்டிற்கும் நடுவே ஒரு கணம் உண்டு. அதைக் கண்ணால் அறிய முடியாது, விரல்தான் அறியும். அறிந்துகொண்ட விரலுக்கு அப்புறம் ஓய்ந்திருக்கப் பிடிப்பதில்லை. பெட்டி ராட்டையில் வேகம் அதிகந்தான். ஆனால் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேற முடியுமா?

அறுந்தாலும் கவலையில்லை. நுனியைச் சற்றுப் பிரித்துப் புதுப் பஞ்சின்மேல் வைத்து முறுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

என் முதல் சிட்டத்தைப் பார்த்த வீட்டார், "இது நூலா, கயிறா?" என்றார்கள். பூத்தொடுக்க எடுத்துக்கொண்டார்கள். அதுவும் இரண்டிடத்தில் அறுந்தது.