கேட்க நேரமில்லாத சம்மதம்

ஆய்வில் இருக்கும் மருந்தை ஒருவருக்குக் கொடுப்பதென்றால் முதலில் அவருடைய சம்மதம் வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஆய்வுகள் எல்லாம் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் வலிப்பு வந்து நினைவின்றிக் கிடப்பவரிடம் யார் போய்க் கேட்பது? ஐந்து நிமிடம் தாண்டியும் வலிப்பு அடங்காவிட்டால் மூளைக்கு ஆபத்து, சில சமயம் உயிருக்கே ஆபத்து. உறவினரைத் தேடிப் பிடித்துப் படிவத்தை விளக்கிக் கையெழுத்து வாங்குவதற்குள் காலம் கடந்துவிடும்.

அமெரிக்கா 1996-இல் இதற்கு ஒரு விதிவிலக்கு வகுத்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில், இருக்கும் சிகிச்சை போதாதபோது, முன்சம்மதம் இல்லாமலே ஆய்வு நடத்தலாம். ஆனால் ஆய்வு நடக்கும் ஊர் மக்களிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும்; பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்; பிறகு நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

அந்த விதியின்கீழ் நடந்ததுதான் 2012-இல் வெளியான 'ராம்பார்ட்' ஆய்வு. கேள்வி எளியது: ஆம்புலன்ஸில் தொடைத் தசையில் போடும் மிடசோலம் நல்லதா, ரத்தக்குழாயில் ஏற்றும் லோரசெபம் நல்லதா? ஊழியர் கையில் ஒரு பெட்டி. அதைத் திறந்ததுமே உள்ளிருக்கும் குரல்பதிவுக் கருவி ஓடத் தொடங்கும். "தசை ஊசி போட்டாச்சு", "நரம்பு கிடைச்சாச்சு", "வலிப்பு நின்னாச்சு" என்ற மாதிரி அவர் சொல்லச் சொல்ல நேரத்தோடு பதிவாகும். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஊசியும் உண்டு. ஒன்றில்தான் மருந்து, மற்றது போலி. எது எதுவென்று போடுகிறவருக்கும் தெரியாது. வெறும் போலி மட்டும் என்று யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

மொத்தம் 893 பேர். ரத்தக்குழாயில் ஏறிய மருந்து சுமார் 1.6 நிமிடத்தில் வலிப்பை அடக்கியது; தசையில் போட்டதற்கு 3.3 நிமிடம் ஆனது. ஆனால் உதறிக்கொண்டே இருக்கும் கையில் ரத்தக்குழாயைத் தேடி மருந்தை ஏற்ற 4.8 நிமிடம் பிடித்தது. தசை ஊசிக்கோ 1.2 நிமிடம்தான். ஆஸ்பத்திரியை அடையும்போது வலிப்பு நின்றிருந்தவர்கள் தசை ஊசிக்காரர்களில் 73 சதவீதம், மற்றவர்களில் 63 சதவீதம். ஆய்வுக்கூடத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் கிடைத்திருக்காத விடை இது.

ஆகவே இந்த விதிவிலக்கு நியாயமானது என்றே நினைக்கிறேன். உறுத்தலும் இருக்கிறது. கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு வர நேரமுள்ளவர்கள் வேறு, நடுரோட்டில் வலிப்பு வந்து விழுகிறவர்கள் வேறு. வேண்டாம் என்பவர்கள் கையில் வளையம் அணியலாம் என்று பிந்தைய 'எஸெட்' ஆய்வில் ஏற்பாடு செய்தார்கள். அந்தச் செய்தி எட்டாதவர் எப்படி அணிவார்?

'எஸெட்' எடுத்துக்கொண்டது அடுத்த கட்டத்தை. முதல் மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு லெவெடிராசெட்டம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்புரோயேட் மூன்றில் எது? அதுவரை மருத்துவரின் பழக்கமும் ஆஸ்பத்திரியின் வழக்கமும்தான் அதை முடிவு செய்தன. சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வந்தது மனஅழுத்தம் போன்ற காரணங்களால் வரும், வலிப்பு மாதிரியே தோன்றும் வேறொன்று எனப் பிறகு தெரிந்தது. அவசரத்தில் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாத சிக்கல் அது. 2019-இல் வந்த முடிவு: பலன் பெற்றவர்கள் முறையே 47, 45, 46 சதவீதம். மூன்றும் ஒன்றுதான். எதைக் கொடுத்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் வலிப்பு அடங்கி நினைவு தெளியவில்லை. அவர்களுக்கான மருந்தைத் தேடும் ஆய்வையும் அவர்களைக் கேட்காமலேதான் தொடங்க வேண்டியிருக்கும்.

(தொடரும்)